சடைமுடி இல்லாத தலைகள்

கருவூரில் புகழ்ச்சோழர் வீற்றிருக்கிறார். திறை கட்டாத அதிகன் மேல் படை போய், அவனுடைய மலையரணை அழித்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. யானை, குதிரை, பொன் என்று கைப்பற்றியவற்றை வரிசையாகக் காட்டுகிறார்கள். வெட்டிய தலைகளையும் கொண்டுவந்து குவிக்கிறார்கள். அன்றைக்கு வெற்றியின் கணக்கு அப்படித்தான் ஒப்பிக்கப்பட்டது. பார்த்துக்கொண்டே வந்த மன்னரின் கண் ஒரு தலையில் நிற்கிறது. அந்தத் தலையில் சிறு சடைமுடி இருக்கிறது. சிவனடியார் ஒருவருடைய தலை அது. மன்னர் நடுங்கிப்போகிறார். போர் என்றால் இப்படியும் நடக்கும் என்று அவர் தேற்றிக்கொண்டிருக்கலாம். படைத்தலைவனைக் கூப்பிட்டு வெட்டியது யார் என்று விசாரித்திருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. பிழை தன்னுடையது என்கிறார். மகனுக்கு முடிசூட்டச் சொல்லிவிட்டு, அந்தத் தலையைப் பொன் தட்டில் வைத்துத் தன் தலைமேல் தாங்கிக்கொண்டு தீக்குள் இறங்குகிறார்.

இதைப் பெரியபுராணத்தில் எழுதிய சேக்கிழார் எங்கள் ஊர்க்காரர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்தவர். அவர் எடுப்பித்த திருநாகேஸ்வரம் கோயில் குன்றத்தூரில் இன்றும் இருக்கிறது. மலைமேல் முருகன், கீழே சேக்கிழார், மெயின் ரோட்டில் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி பஸ்கள். இதுதான் எங்கள் ஊர்.

தமிழாசிரியனாக முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அடியார் பக்தி, அரசனின் பொறுப்பு என்று இரண்டு தலைப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் அதையே எழுதுவார்கள், நானும் மதிப்பெண் போடுவேன். கதைக்குள் கிடந்த கேள்வியை அவர்களும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அம்மாதான் கேட்டார்.

ஒரு பிரதோஷத்தன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்து வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். புகழ்ச்சோழர் கதையைச் சொன்னேன். அம்மா முழுவதும் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அது சரி தம்பி. மற்றத் தலையள் ஆற்றை?” என்றார்.

மற்றத் தலைகள் யாருடையவை? எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் குவியலில் சடைமுடி இருந்த தலை ஒன்று. சடைமுடி இல்லாதவை எத்தனையோ. அவற்றுக்கும் தாய் இருந்திருப்பாள், வீடு இருந்திருக்கும். மன்னர் கண் அவற்றைத் தாண்டித்தான் வந்தது. என் கண்ணும் முப்பது வருடம் தாண்டித்தான் போயிருக்கிறது.

வீடு பார்க்கப் போனவர்கள்

அம்மா தென்மராட்சிக்காரர். சாவகச்சேரிக்குப் பக்கம். பலாவுக்கும் மாவுக்கும் பேர்போன மண். 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. அதற்குப் பிறகு சண்டை தென்மராட்சிக்குள் வந்தது. ஜனங்கள் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வடமராட்சிப் பக்கம் போனார்கள். பள்ளிக்கூடங்களிலும் உறவுக்காரர் வீட்டுத் தாழ்வாரங்களிலும் மாதக்கணக்கில் கிடந்தார்கள்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு நோய் உண்டு என்பார் அம்மா. “வீடு நிக்குதோ எண்டு ஒருக்காப் பாத்திட்டு வந்தாத்தான் சோறு இறங்கும்.” ஓடு இருக்கிறதா, கதவு நிலை இருக்கிறதா, கிணற்றுக்குள் என்ன விழுந்து கிடக்கிறது, தேங்காயை யாராவது பறித்துக்கொண்டு போய்விட்டார்களா. வேண்டாம் என்று தடுத்தாலும் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். திரும்பும்போது நாலு தேங்காயும் ஒரு கட்டு விறகும் வரும். சொந்த வளவு விறகு என்று அதை எரிக்க மனம் வராமல் சுவரோரம் சாத்தி வைத்திருந்த கிழவி ஒருத்தியைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்.

மிருசுவில், கண்டி வீதியில் கொடிகாமத்தைத் தாண்டி வரும் சிற்றூர். அங்கிருந்து உடுப்பிட்டிக்கு இடம்பெயர்ந்திருந்த சிலர் 2000 டிசம்பர் 19 அன்று இப்படித்தான் போனார்கள். வீடு வாசலைப் பார்த்துவிட்டு, விறகும் கொண்டுவரலாம் என்று போனவர்கள் அவர்கள். அங்கே ராணுவத்தினர் அவர்களைப் பிடித்தார்கள். கண்ணைக் கட்டி அடித்தார்கள். ஒருவர் மட்டும் தப்பி ஓடினார். எட்டுப் பேர் திரும்பவில்லை. தப்பியவர் சொன்ன அடையாளத்தை வைத்துத் தேடி, நீதவான் முன்னிலையில் தோண்டினார்கள். குழியில் எட்டு உடல்களும் கழுத்தறுபட்டுக் கிடந்தன. அவர்களில் பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள். ஐந்து வயதுக் குழந்தையும் இருந்தது.

தூரத்திலிருந்து சுட்டிருந்தால், பயத்தில் விரல் அசைந்துவிட்டது என்று ஏதாவது சமாதானம் சொல்ல இடம் இருந்திருக்கும். கத்திக்கு அந்தச் சமாதானம் கிடையாது. பக்கத்தில் வர வேண்டும், பிடிக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையின் கழுத்து எவ்வளவு இருக்கும் என்பது பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும், ஒரு கைக்குள் அடங்கிவிடும். அந்த நேரத்தில் அந்தக் கைக்கு முகம் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எதிரி என்ற ஒரு சொல் தெரிந்திருக்கும். அந்தச் சொல்லுக்கு வயது கிடையாது. அதனால்தான் ஐந்து வயதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

புகழ்ச்சோழர் ஓர் அடையாளத்தைப் பார்த்து நடுங்கினார். மிருசுவிலில் கத்தி எடுத்தவர்கள் ஓர் அடையாளத்தைப் பார்த்து வெட்டினார்கள். முன்னவர் அருளாளர், பின்னவர்கள் கொலைகாரர்கள். ஆனால் இரண்டு கண்ணும் அடையாளத்தைத்தான் தேடின என்பது என்னைத் தூங்கவிடவில்லை.

மன்னிப்பு யார் கையில் இருக்கிறது

மிருசுவிலுக்கு ஒரு வழக்கு நடந்தது. இலங்கையின் போர்க்காலக் கொலைகளில் அந்த அளவுக்குப் போனவை மிகக் குறைவு. 1996 பிப்ரவரி 11-ல் திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் 24 கிராமத்தினர் கொல்லப்பட்ட வழக்கில், இருபது வருடம் கழித்து 2016-ல், குற்றம் சாட்டப்பட்ட ராணுவத்தினர் எல்லோரும் விடுதலையானார்கள். மிருசுவில் வழக்கு வேறு மாதிரி போனது. கொழும்பில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து விசாரித்தார்கள். 2015 ஜூன் 25 அன்று தீர்ப்பு வந்தது. ஐந்து பேரில் நால்வர் விடுவிக்கப்பட்டார்கள். சுனில் ரத்நாயக்க என்ற ஸ்டாஃப் சார்ஜன்டுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1976-க்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கிலிட்டதில்லை. எனவே நடைமுறையில் அதற்குப் பொருள் சிறைதான். ஆனாலும் ஒரு நாட்டின் நீதிமன்றம் தன் படைவீரன் ஒருவனைப் பார்த்து, நீ செய்தது கொலை என்று சொன்னது. அது பெரிய காரியம்.

2020 மார்ச் 26 அன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்கு மன்னிப்பு வழங்கினார். கொரோனாவுக்குப் பயந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த வாரம் அது. இங்கே ஊரடங்கு தொடங்கி இரண்டாவது நாள். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கண்டித்தது. கண்டனமும் அந்த வாரச் செய்திகளுக்குள் புதைந்துபோனது.

அன்று அம்மா மாடியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மருமகன் போனில் சொல்லியிருக்கிறார். நான் தண்ணீர்க் குடத்தை வைக்கப் போனபோது, “மன்னிச்சு விட்டிட்டினமாம்” என்றார். காம்பிலிருந்து இலையை உருவிக்கொண்டே இருந்தார். ஒரு முழுக் கட்டு முடிந்தது. அப்புறம் தனக்குள் கேட்பதுபோல், “ஆரைக் கேட்டு?” என்றார்.

பெரியபுராணத்தில் மன்னிப்பைப் பற்றியும் ஒரு கதை இருக்கிறது. திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி அடியார் வேடத்தில் வருகிறான். சுவடிக்கட்டுக்குள் கத்தியை மறைத்துக் கொண்டுவந்து குத்திவிடுகிறான். காவலன் தத்தன் வாளோடு பாய்கிறான். உயிர் போய்க்கொண்டிருக்கும் மன்னர் அவனைத் தடுத்து, வந்தவரை யாரும் தொடாமல் ஊர் எல்லை வரை கொண்டுபோய் விட்டுவரச் சொல்கிறார். வழியெல்லாம் ஜனங்கள் கொதித்து மறிக்கிறார்கள். தத்தன் விலக்கி, அவனைக் கடத்திவிட்டுத் திரும்பி வந்து செய்தி சொன்ன பிறகுதான் மன்னர் உயிர் பிரிகிறது.

இந்தக் கதை எல்லோருக்கும் உவப்பாக இராது. எனக்கும் இளம் வயதில் கோபம்தான் வந்தது. இப்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அங்கே மன்னித்தவர் குத்துப்பட்டவர். கத்தி பாய்ந்த உடம்பிலிருந்து வந்த சொல் அது. தத்தன் மன்னிக்கவில்லை, அமைச்சர்கள் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. மிருசுவிலில் குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தாண்டி வேறொருவர் கொடுத்ததை மன்னிப்பு என்று எப்படிச் சொல்வது? அடுத்தவர் கடனை நான் தள்ளுபடி செய்வது தர்மத்தில் சேராது. அது அவரிடம் இன்னொரு முறை திருடுவது.

ஜனாதிபதி மாளிகை வரை போக வேண்டாம். இது நம் வீடுகளில் நடக்கிறது. புருஷன் அடித்து முகம் வீங்கி வந்து நிற்கிற பெண்ணைக் கூடத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பெரியவர்கள் நாலு பேர் பேசி முடித்து, அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டான், நாங்களும் மன்னித்துவிட்டோம், நீ கிளம்பு என்று அனுப்பிவைப்பார்கள். அப்படிப் பேசிய நாலு பேரில் ஒருவனாக நானும் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன். மாடியில் கீரை ஆய்ந்த அம்மாவைப் போலத்தான் அன்று அவளும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். “யாரைக் கேட்டு?” என்று அவள் வாய் திறந்து கேட்கவில்லை.

இரண்டு பாட்டும் இரண்டு கல்லும்

போர் அறம் என்ற பேச்சு வந்தால் தமிழாசிரியர்களுக்குக் கை தானாகப் புறநானூற்றுக்குப் போகும். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பற்றி நெட்டிமையார் பாடியது. அம்பு தொடுக்கும் முன் அந்த மன்னன் அறிவிப்பு விடுப்பானாம். பசுக்களும், அந்தணரும், பெண்களும், நோயாளிகளும், பிள்ளைப்பேறு இல்லாதவரும் அரண் தேடிக்கொள்ளுங்கள் என்று. பொதுமக்களைக் காக்கும் ஜெனீவா ஒப்பந்தத்தை உலகம் 1949-ல்தான் எழுதியது, நாம் எப்போதோ எழுதிவிட்டோம் என்று நான் வகுப்பில் குரலை உயர்த்துவேன்.

அதே நெட்டிமையார் அதே மன்னனைப் பற்றிப் பாடிய இன்னொரு பாட்டு சில பக்கம் தள்ளி இருக்கிறது. அதில் பகைவரின் தெருக்களைக் கழுதை பூட்டி உழுததையும், விளைந்த வயல்களில் தேரை ஓட்டியதையும் புகழ்ந்து பாடுகிறார். ஒரு தெருவைக் கழுதை கட்டி உழ வேண்டுமானால் முதலில் அங்கே வீடுகள் நிற்கக் கூடாது. அறிவிப்பைக் கேட்டு அரண் தேடிப் போன நோயாளி, பிறகு எந்த வீட்டுக்குத் திரும்பினார்? முதல் பாட்டை நான் நடத்துவேன். இரண்டாவதை விரைந்து கடந்துவிடுவேன். பகைவர் நாட்டுக்குத் தீ வைப்பதற்கு ‘எரிபரந்தெடுத்தல்’ என்று இலக்கணத்தில் ஒரு துறையே வகுத்து வைத்திருக்கிறோம் என்பதையும் நான் அழுத்திச் சொன்னதில்லை.

சோழர் மெய்க்கீர்த்திகள் வென்ற நாடுகளின் பெயரை அடுக்கிக்கொண்டு போகும். கேட்க நெஞ்சு நிமிரும். கர்நாடகத்தில் ஹொட்டூரில் 1007-ஆம் ஆண்டுச் சாளுக்கியக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஒன்பது லட்சம் பேரோடு வந்த சோழர் படை நாட்டைச் சூறையாடியதாகவும், பெண்களையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றதாகவும் அது சொல்கிறது. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். தோற்றவன் எழுதிய கல் என்று தள்ளியும் விடலாம். ஆனால் வென்றவன் கல்லை மட்டும் அப்படியே நம்புவதற்கு நமக்கு என்ன காரணம் இருக்கிறது, அது நம் மொழியில் இருக்கிறது என்பதைத் தவிர?

இந்த மண்ணும் எரிந்த மண்தான். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற மணிமங்கலத்தில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியை முறியடித்தான் என்று செப்பேடு சொல்கிறது. பிறகு 642-ல் பல்லவர் படை அவன் தலைநகர் வாதாபியைத் தரைமட்டமாக்கியது. அந்தப் படையை நடத்திய பரஞ்சோதியார்தான் சேக்கிழார் பாடிய சிறுத்தொண்ட நாயனார். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1780-ல், ஹைதர் அலியின் படை கணவாய் இறங்கி வந்து சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களைக் கொளுத்தியது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கம் புள்ளலூரில் ஆங்கிலேயக் கம்பெனிப் படை அழிந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்து மாளிகைச் சுவரில் அந்த வெற்றியைப் பெரிய ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். யானை, குதிரை, பீரங்கி, பல்லக்கில் அடிபட்ட வெள்ளைத் தளபதி. தானியம் எரிந்த கிராமத்தான் அந்தச் சுவரில் இல்லை. அவன் பட்டினியோடு சென்னைக்கு ஓடினான். அவனைப் போன்றவர்களுக்குக் கஞ்சி ஊற்றத்தான் 1782-ல் மணியக்காரர் சத்திரம் வந்தது. அதை ஒட்டி வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆட்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். ஓவியத்தில் இடம் கிடைக்காதவன் ஒரு பேச்சுவழக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

மணிமங்கலத்திலும் வாதாபியிலும் புள்ளலூரிலும் படைகள் போன மறுநாள் யாரோ தங்கள் வீட்டைப் பார்க்கத் திரும்பி வந்திருப்பார்கள். ஓடு இருக்கிறதா, கிணற்றில் என்ன கிடக்கிறது என்று. செப்பேடு அவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

என் நோட்டுப் புத்தகம்

நீளமான ஒரு நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. 1983 ஜூலையில், கல்லூரி மாணவனாக, கொழும்பில் தமிழர்கள் எரிக்கப்பட்ட செய்தியைப் படித்துவிட்டு அழுதுகொண்டே ஆரம்பித்தது. அடிக்கோல் வைத்து நாலு கட்டம் பிரித்திருப்பேன். நாள், ஊர், எத்தனை பேர், கொன்றது யார். 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை. 1991 ஜூனில் மறுபடியும் கொக்கட்டிச்சோலை. குமாரபுரம். மிருசுவில். பத்திரிகைத் துண்டுகளைப் பசை தடவி ஒட்டி, கட்டங்களை நிரப்பியிருக்கிறேன்.

அம்மா கேட்ட கேள்விக்குப் பிறகு ஒருநாள் பரணிலிருந்து அதை எடுத்தேன். இரண்டு இடத்தில் என் கை நின்றது.

முதல் இடம் 1989 ஆகஸ்ட், வல்வெட்டித்துறை. புலிகளின் தாக்குதலில் இந்திய அமைதிப்படை வீரர்கள் இறந்ததும், படை ஊருக்குள் புகுந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது. நாள் எழுதியிருக்கிறேன், ஊர் எழுதியிருக்கிறேன், எண்ணிக்கையும் இருக்கிறது. நாலாவது கட்டம் காலியாக இருக்கிறது. என் நாட்டுப் படையின் பெயரை அங்கே எழுத அன்று கை வரவில்லை.

இரண்டாவது இடம் 1990 ஆகஸ்ட். அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆகஸ்ட் 3-ஆம் தேதி இரவு, மட்டக்களப்புப் பக்கம் காத்தான்குடியில், பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களைப் பின்னாலிருந்து சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. சுட்டது புலிகள். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்தேன், நன்றாக நினைவிருக்கிறது. கத்தரிக்கோலை எடுக்கவில்லை. அதே வருடம் அக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம் கெடு. அவர்களும் வீடு நிற்கிறதா என்ற ஏக்கத்தோடு வருடக்கணக்கில் புத்தளத்துக் கொட்டகைகளில் கிடந்தார்கள். அதுவும் நோட்டில் இல்லை. 2006 ஜூன் 15-ல் கெப்பித்திகொல்லாவையில் பஸ்ஸில் கண்ணிவெடியில் சிதறிப்போன அறுபதுக்கும் மேற்பட்ட சிங்களக் கிராமத்தவரும் இல்லை.

அப்போதுதான் புரிந்தது. நான் நாலாவது கட்டத்தை மனதுக்குள் முதலில் நிரப்பிவிட்டுத்தான் மற்ற மூன்று கட்டங்களுக்கும் வந்திருக்கிறேன். கொன்றவர் யார் என்பதைப் பார்த்து, செத்தவருக்கு அழலாமா வேண்டாமா என்று முடிவு செய்திருக்கிறேன். குவியலில் சடைமுடியைத் தேடிய கண்தான் இதுவும்.

எதையெதையோ சமமாக வைக்கிறாய் என்று நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2009-ல் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கக் கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலரின் நிபுணர் குழு 2011-ல் சொன்னது. ஒரு அரசு தன் குடிமக்கள் மேல் குண்டு போட்டதையும் மற்றதையும் ஒரே எடையாகச் சொன்னால் அது பொய். யார், எவ்வளவு, எந்த அதிகாரத்தோடு என்று நிறுத்துப் பார்க்க நீதிமன்றத்துக்குத் தராசு வேண்டும். ஆனால் இழவு வீட்டுக்குப் போகும்போது யாரும் தராசு எடுத்துக்கொண்டு போவதில்லை. காத்தான்குடியில் மகனைப் புதைத்த தாயிடம், எங்கள் பக்கம் இன்னும் அதிகம் என்று சொல்ல எனக்கு வாய் இருக்குமா? அவளுடைய துக்கத்தை ஒப்புக்கொண்டால் முள்ளிவாய்க்கால் சிறுத்துவிடாது. அதை மறைத்துக்கொண்டு முள்ளிவாய்க்காலுக்கு நீதி கேட்டால்தான் நம் குரல் நடுங்கும்.

நடுவில் இறங்கியவன்

கொல்கிற பக்கத்தில் இருந்துகொண்டே முகத்தைப் பார்த்தவர்களும் உண்டு. 1968 மார்ச் 16, வியட்நாமில் மை லாய் கிராமம். அமெரிக்கப் படையினர் பெண்கள், கிழவர்கள், குழந்தைகள் என்று நூற்றுக்கணக்கில் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மேலே ஹெலிகாப்டரில் பறந்த ஹியூ தாம்சன் என்ற விமானி அதைப் பார்த்தார். தன் படையினருக்கும் ஓடிக்கொண்டிருந்த கிராமத்தவருக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். தன் ஆட்கள் கிராமத்தவரைச் சுட்டால் திருப்பிச் சுடும்படி கூட வந்தவர்களிடம் சொன்னார். பிணங்கள் கிடந்த பள்ளத்திலிருந்து உயிரோடு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு பல வருடம் அவரைத் துரோகி என்றுதான் பார்த்தார்கள். அந்தச் செயலை உள்ளபடி ஒப்புக்கொண்ட பதக்கம் கிடைக்க 1998 ஆயிற்று.

அந்தக் காலையில் அவருக்குத் தனியாக ஒரு தத்துவம் கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மற்றவர்களுக்கு எதிரியாகத் தெரிந்தது அவருக்குக் கிழவியாகவும் பிள்ளையாகவும் தெரிந்தது, அவ்வளவுதான். அந்தக் கண் போர்க்களத்துக்குப் போய்த் திடீரென்று திறப்பதில்லை. ஊரில் இருக்கும்போதே பழகியிருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் அதைப் பழக நிறைய இடம் இருக்கிறது. குன்றத்தூரிலிருந்து ஒரகடம் வரை ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் பையன்கள் ஓர் அறைக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று தங்கியிருக்கிறார்கள். டீக்கடையில் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயர், ‘வடக்கன்’. எங்காவது திருட்டு நடந்தால் அந்தப் பெயர்தான் முதலில் வாயில் வரும். 2023 மார்ச்சில் பொய் வீடியோக்களை நம்பி, தமிழ்நாட்டில் தங்களை அடிக்கிறார்கள் என்று அவர்கள் பயந்து ஊருக்கு ரயில் ஏறினார்கள். பொய்தான் அது. ஆனால் அந்தப் பொய் அவர்களுக்கு நம்பும்படி இருந்ததற்கு டீக்கடைப் பேச்சுக்கும் பங்கு இல்லையா? டீக்கடைப் பேச்சையும் மிருசுவில் குழியையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நடுவில் வெகு தூரம் இருக்கிறது. ஆனால் பாதை ஒன்றுதான். ஒரு கூட்டத்துக்கு ஒரே பெயர் வைத்து, அதில் தனி ஆளின் பெயரை மறக்கிற இடத்தில்தான் அது தொடங்குகிறது.

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி நினைவிடத்தைத் தினமும் கம்பெனி பஸ்கள் கடந்து போகின்றன. 1991 மே 21 இரவு அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் குழந்தையும் சொல்லும். அவரோடு பத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்கள், கூட்டம் பார்க்க வந்த உள்ளூர்க்காரர்கள். அவர்களில் ஒருவர் பெயர் சொல்லுங்கள் என்றால் பஸ்ஸில் எத்தனை பேர் சொல்வார்கள்? இத்தனை வருடம் பக்கத்து ஊரில் இருந்தும் எனக்கே தெரியாது.

போன மாதம் நோட்டில் விட்டுப்போனவற்றை எழுதி முடித்தேன். வல்வெட்டித்துறைக்கு நாலாவது கட்டத்தை நிரப்பினேன். காத்தான்குடிக்கு ஒரு பக்கம், கெப்பித்திகொல்லாவைக்கு ஒரு பக்கம். கொன்றது யார் என்ற கட்டத்தை நான் அடிக்கவில்லை. நீதி கேட்கிறவர்களுக்கு அது வேண்டும். அதற்கு முன்னால் மட்டும் அடிக்கோல் வைத்து இன்னொரு கோடு இழுத்து, ‘வயது’ என்று எழுதினேன். மிருசுவில் வரிசையில் முதலில் 5 என்று எழுதியபோது, அடுத்த கட்டத்துக்குப் போக வெகுநேரம் ஆயிற்று.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காத்தான்குடிப் பக்கத்தை விரல் வைத்துப் படித்தார். மிருசுவில் பக்கத்தில் விரல் வைக்கவில்லை. கடைசியில் எழுதாமல் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். இருபது முப்பது தாள் இருக்கும்.

“இது இப்பிடியே இருக்கட்டும் தம்பி” என்று மூடிக் கொடுத்தார்.